ஒரு கிலோ இருநூறு

வேலங்காட்டுப்புதூர் தீர்த்தகிரிக்குப் போன ஆவணியோடு முப்பத்தெட்டு முடிந்தது. கபடி ஆடுகிறவனுக்கு முப்பத்தெட்டு என்பது வயது அல்ல, வியாதி. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் அவனிடம் யாரும் சொன்னதில்லை. நாமக்கல் பக்கத்தில் ஒருவன் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வதைக் காட்டிலும் அவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுவது சுலபம். அதனால் அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான், ஊர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி யாரையும் மதிக்க மாட்டான். இப்போது ஆட வருகிற பையன்களைக் கேட்டால், "முடி கலையாம ஆடுறானுங்க, அது கபடியாங்க?" என்பான். கோச்சுகள் எல்லாம் அவனுக்கு விசில் ஊதுகிறவர்கள். ரப்பர் மேட் விரித்து ஆடுவது மெத்தையில் உருளுவது. இருபத்துமூன்று வயதில் சென்னையில் ஒரு வங்கி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டது. காலையில் கபடி, மத்தியானம் கவர் ஒட்டுகிற வேலை எனக்கு எதுக்கு என்று திரும்பி வந்துவிட்டான். அந்த வேலைக்குப் பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயர்க்காரன் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கு அவன் சேலத்தில் மேனேஜர், சொந்த வீடு, கார். தீர்த்தகிரி அவனைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அவன் தொப்பையச் சுத்தி வாரதுக்கே ஒரு மூச்சு பத்தாது."

டிவியில் காட்டுகிற லீக்கில் இரண்டு வருடம் இருந்தான். இருந்தான் என்பதுதான் சரியான சொல். முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டாம் வருடம் மொத்தமாகப் பதினோரு நிமிடம் ஆடினான். நான்கு தடவை பாடிப் போனதில் மூன்று தடவை அமுக்கிவிட்டார்கள், ஒரு தடவை போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அந்த ஒரு போனஸின் வீடியோ பத்து வருடமாக அவன் செல்போனில் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அதைப் பார்த்தாக வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் அவன் ஆடினான். ராசிபுரத்திலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் அவன் பெயருக்காக வண்டி கட்டி ஆள் வந்தது. எங்கள் பக்கத்துக் கபடி எடை பார்த்து ஆடுவது. அறுபது கிலோ, அறுபத்தைந்து கிலோ, அதற்கு மேல் ஓப்பன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனும் தராசில் ஏற வேண்டும், எதிர் செட்டு மேனேஜர் பக்கத்தில் நின்று பார்ப்பான். நல்ல ஆட்டக்காரன் ஏறினால் இருபது கிராமுக்குச் சண்டை வரும். தீர்த்தகிரி ஏறினால் தராசைச் சுற்றிக் கூட்டமே நிற்கும். ஒரு தடவை மோகனூர் செட்டின் கார்னர் ஆட்டக்காரன் சுப்பையன், பத்து கிராம் கூட இருக்கிறது என்று அவனுடைய அரைஞாண் கயிற்றை அறுக்க வைத்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு அதை அறுக்க மாட்டார்கள். தீர்த்தகிரி அறுத்துப் போட்டுவிட்டுப் போய், அன்றைக்குச் சுப்பையனையே ஆறு தடவை தொட்டுவிட்டு வந்தான். அது நடந்து பதினைந்து வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு வயிற்றுப் பிழைப்புக்குக் கைலாசத்தின் செட்டில் சேர்ந்தான். கைலாசத்துக்குக் கோழிப்பண்ணையும் தீவன மில்லும் இருந்தன, கூடவே பெருமைக்கு ஒரு கபடி செட்டும் இருந்தது. ஆட்டக்காரர்களை மில்லில் வேலைக்கு எடுத்ததாக எழுதிக்கொள்வார், ஆட்டம் இல்லாத நாளில் ஏதாவது வேலை கொடுப்பார். தீர்த்தகிரிக்கு மக்காச்சோளம் கொண்டுவருகிற விவசாயிகளுக்கு எடை போடுகிற வேலை. அந்தத் தராசு நூறு கிலோவுக்கு இரண்டு கிலோவை விழுங்கும், அப்படித்தான் திருகி வைத்திருந்தார்கள். எடை போடுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா. விவசாயி தலையைச் சொறிந்துகொண்டு, "ஊட்டுல போட்டப்ப கூட இருந்துச்சுங்களே" என்று நிற்கையில் தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வரும். தராசை நம்புகிற மடையன்கள் என்று அவர்களையும் மதிக்க மாட்டான்.

மாசி மாதம் ஒரு காலை கைலாசம் அவனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"தீர்த்தகிரி, இந்த வருசம் செட்டுல புதுப் பசங்கள எறக்கறோம். நீ மில்லு வேலையப் பாரு. உனக்கு ஒரு விழா எடுத்தர்றேன். பொன்னாடை, கேடயம், பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரிய போர்டு. என்ன சொல்ற?"

"நான் இன்னும் ஆடுறனுங்களே."

"ஆடுற. நானும் பாத்துட்டுத்தான இருக்கறேன்." கைலாசம் கணினியில் ஏதோ கணக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எம்பது வாரம் தாண்டுன கோழிய நான் ஒரு நாள் கூட வெச்சுக்கறதில்ல. அதுக்காவ கோழி மேல எனக்குக் கோவமா? அது முட்டை வுட்டுச்சு, தீனி தின்னுச்சு. முடிஞ்சுபோச்சு."

"எனக்குப் பொன்னாடை வேண்டாமுங்க."

"சரி, சட்டைத்துணி எடுத்துத் தாரேன்" என்றார் கைலாசம். கேலி இல்லை, அவர் உண்மையாகவே துணியைப் பற்றித்தான் யோசித்தார்.

வெளியே வந்த தீர்த்தகிரி, கோழி விற்கிறவனுக்குக் கபடியில் என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்து வருடம் அந்தக் கோழி விற்கிறவன் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மில் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டான். பங்குனியில் வேலங்காட்டுப்புதூர் மாரியம்மன் திருவிழா, ஊர் வழக்கில் நோன்பி. நோன்பிக்கு ஊரில் கபடிப் போட்டி, பரிசு கொடுக்க வருடா வருடம் கைலாசம்தான் வருவார். அவர் மேடையில் உட்கார்ந்திருக்க, அவர் கண் முன்னால் ஆட வேண்டும். பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட வேண்டும். இன்னும் ஒரு வருடம் செட்டில் ஆடினால் போதும், அப்புறம் தானாகவே நிறுத்திக்கொள்வான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. ஊரில் ஓப்பன் செட்டு கிடையாது, அறுபத்தைந்து கிலோ செட்டுதான். தீர்த்தகிரி எழுபத்திரண்டு கிலோ இருந்தான். நோன்பிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஊர் செட்டுக்குக் கேப்டன் மோகன்குமார், இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறவன். நல்ல கார்னர் ஆட்டக்காரன், அதைவிட நல்ல பிள்ளை. தீர்த்தகிரி போய், "நோன்பிக்கு நானும் உங்ககூட எறங்குறன்" என்றதும் அவன் முகம் ஒரு கணம் வெளுத்துவிட்டுத் திரும்பவும் நிறத்துக்கு வந்தது.

"பாக்கலாமுங்ணா" என்றான்.

கொங்குச் சீமையில் பாக்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும். தீர்த்தகிரிக்கு மட்டும் அது சம்மதமாகக் கேட்டது. அவன் போன பிறகு பையன்கள் கூடிப் பேசினார்கள். மூன்று மாதமாகப் பயிற்சி எடுத்த செட்டு அது, அவனை இறக்கினால் யாரையாவது உட்கார வைக்க வேண்டும். அண்ணனிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று ஒரு மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் மோகன்குமார்தான், "நாம எதுக்குடா சொல்லோணும், தராசு சொல்லிக்கும்" என்றான். ஏழு கிலோ குறைய அண்ணனால் ஆகாது என்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

தீர்த்தகிரி குறைத்தான். வீம்பு என்று வந்துவிட்டால் அவனுக்கு நிகர் அவன்தான். காலையில் கம்மங்கூழ் ஒரு டம்ளர், மத்தியானம் வெள்ளரிப் பிஞ்சு, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் கூடக் கணக்குப் பார்த்து. பங்குனி வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினான். மத்தியானம் மில்லில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், சிமெண்ட் ஷீட் போட்ட குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். கோழியே செத்துப்போகிற சூடு அது. வாயில் புளியைப் போட்டுக்கொண்டு ஊறுகிற எச்சிலை எல்லாம் ஒரு டப்பாவில் துப்பினான். ஒரு டப்பா நிறைந்தால் கால் கிலோ போயிற்று என்று மகிழ்ந்தான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறது, எச்சிலை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி வெண்ணிலா ஒரு தனியார் பள்ளி விடுதியில் வார்டன். முந்நூறு பிள்ளைகளைச் சாப்பிட வைக்கிறவளுக்கு வீட்டில் ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியவில்லை. முதல் வாரம் கெஞ்சினாள், இரண்டாம் வாரம் திட்டினாள். மூன்றாம் வாரம் அவன் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்னுங்க இது?"

"மாரியாத்தாளுக்கு வேண்டுதல்."

வெண்ணிலா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "முடி எத்தன கிராமுங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அவன் தலையைத் தடவிக்கொண்டான். "எந்தக் காலத்துல நீங்க சாமி கும்பிட்டீங்க. தராசுக்கு மொட்டை அடிச்ச மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வைத்த சோற்றை மூடி வைத்தாள். அன்றிலிருந்து அவனுக்கு உலை வைப்பதை நிறுத்திவிட்டாள்.

பொம்பளைகளுக்கு ஆட்டம் புரியாது என்று அவன் அவளையும் தான் மதிக்காதவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

நோன்பிக்கு முதல் நாள் சாயங்காலம். மில்லில் லோடு எல்லாம் இறங்கி ஆட்கள் போன பிறகு, மக்காச்சோளத் தராசில் ஏறி நின்றான். அறுபத்து நாலு கிலோ தொள்ளாயிரம். இறங்கி மறுபடி ஏறினான், அதேதான். இருபத்தோரு நாளில் ஏழு கிலோவுக்கு மேல். வாய்க்குள் நாக்கு காய்ந்த தோலாகக் கிடந்தது, ஆனாலும் அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அங்கேயே நின்று மோகன்குமாருக்குப் போன் போட்டான்.

"எடைக்கு வந்துட்டன் மோகன். எனக்கு ஒம்போதாம் நெம்பர் பனியன எடுத்து வெச்சுரு."

மோகன்குமார் இரண்டு தடவை எடையைத் திருப்பிக் கேட்டான். பிறகு, "சரிங்ணா" என்று மெல்ல வந்தது. பையன் அசந்துபோய்விட்டான் என்று தீர்த்தகிரி நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் எடை பார்த்தார்கள். பால் சொசைட்டியிலிருந்து கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசு. முதல் ஆட்டமே வேலங்காட்டுப்புதூருக்கும் மோகனூர் செட்டுக்கும். மோகனூர் செட்டுக்கு மேனேஜராகச் சுப்பையன் வந்திருந்தான். அதே சுப்பையன், இப்போது வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுத் தொந்தியோடு இருந்தான். பையன்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மோகன்குமார் ஏறினபோது சுப்பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். முப்பது கிராம் கூட இருந்தது. "டவுசரக் கழட்டச் சொல்லுங்க" என்றான். மோகன்குமார் துண்டைக் கட்டிக்கொண்டு டவுசரைக் கழற்றிவிட்டுத் துண்டோடு ஏற, துண்டும் எடைதான் என்று சுப்பையன் கத்தினான். கடைசியில் இரண்டு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடிக்க, உள்ளே பையன் வெறும் உடம்போடு ஏறி நின்று தப்பித்தான். சுப்பையன் மாறவே இல்லை என்று தீர்த்தகிரிக்குச் சந்தோஷமாக இருந்தது.

தீர்த்தகிரி ஏறினான்.

அறுபத்தாறு கிலோ இருநூறு.

"தராசு தப்பா இருக்குது" என்றான் உடனே. கமிட்டியில் எழுதிக்கொண்டிருந்த ஆள், சொசைட்டிக்காரர்கள் கூட அனுப்பியிருந்த இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கி வைத்தார். இருபது என்று காட்டியது. தீர்த்தகிரி மறுபடி ஏறினான், அறுபத்தாறு இருநூறு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று வாரம் அவன் ஏறி ஏறிப் பார்த்தது எந்தத் தராசு என்று இந்த உலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார். தெரிந்தே நம்பினான். மக்காச்சோளம் கொண்டுவந்து தலையைச் சொறிந்த எந்த விவசாயியும் அவ்வளவு மடையன் இல்லை.

சரி, போனது போயிற்று. இனிச் சுப்பையன் கத்துவான், பையன்கள் பதிலுக்குக் கத்துவார்கள், கமிட்டி கூடும். பழைய காலம் மாதிரி ஒரு சண்டை நடந்து வெளியே போவதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று நினைத்தபடி தராசின் மேலேயே நின்று சுப்பையனைப் பார்த்தான். சுப்பையன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜரு என்னுங்க சொல்றீங்க?" என்று கமிட்டி ஆள் கேட்டார்.

"ஆடட்டுங்க. எங்களுக்கு ஒன்னுமில்லீங்க."

தீர்த்தகிரிக்குக் காது அடைத்தது. "ஒரு கிலோ இருநூறு கூட இருக்குது, சுப்பையா" என்றான்.

"இருந்தா இருக்கட்டுமுங்க."

"இப்பத்தான முப்பது கிராமுக்கு அந்தப் பையன அம்மணமா நிக்க வெச்ச?"

சுப்பையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மொட்டைத் தலை, குழி விழுந்த கண், நடுங்குகிற முழங்கால் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் குரலில் நக்கல் இல்லை, பழைய பகை இல்லை. "அந்தத் தம்பி எங்கள அடிச்சிருமுங்க. நீங்க ஆடுனா எங்களுக்கு நல்லதுதானுங்களே" என்றான். சொல்லிவிட்டு, அடுத்த ஆளை ஏறச் சொல்லுங்கள் என்று கை காட்டினான்.

வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது தீர்த்தகிரி ஒருவன் சட்டையைப் பிடித்திருப்பான். எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். ஊர் செட்டுப் பையன்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். ஒன்பதாம் நம்பர் பனியனை ஒருவன் கையில் வைத்திருந்தான், அதை அவனிடம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மோகன்குமாரைப் பார்த்தான். மோகன்குமார் தரையைப் பார்த்தான்.

ஆடலாம். அதில் ஒரு தடையும் இல்லை. மூன்று மணிக்குக் கைலாசம் மேடைக்கு வந்துவிடுவார், தராசில் என்ன நடந்தது என்று அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள். அவன் கேட்டது அப்படியே கையில் இருந்தது. அவனைக் கண்டு பயப்பட ஒரு ஆள் கூட இல்லாத களத்தில், எதிர் செட்டே சம்மதித்து, அவன் இறங்கி ஆடலாம். கோழி விற்கிறவர் சொன்னதைத்தான் சுப்பையனும் சொல்லியிருந்தான், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. தீர்த்தகிரி தராசைவிட்டு இறங்கினான்.

"எழுதுங்க" என்றான் கமிட்டி ஆளிடம்.

"என்னன்னுங்க?"

"எடை கூடுதல், ஆட முடியாதுன்னு எழுதுங்க."

"அட விடுங்க தீர்த்தகிரி. அவங்களே ஒன்னும் சொல்லல, ஊரு நோன்பி..."

"எழுதுங்கன்னு சொல்றனில்லீங்க. சட்டம் சட்டந்தான். பத்து கிராமுக்கு என்னை அரைஞாண் கயித்த அறுக்க வெச்சானுங்க, ஒரு கிலோ இருநூறுக்கு வுட்டுருவீங்களா?"

அவர் எழுதினார். தீர்த்தகிரி நின்று, அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்தான். தன் பெயருக்கு எதிரே எடை கூடுதல், நீக்கம் என்று இருப்பதைப் படித்தான். எழுத்து கோணலாக இருந்தது. அதையும் திருத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு வராந்தாப் படியில் இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. மோகன்குமார். பையனுக்கு மூச்சு இரைத்தது. அவன் தீர்த்தகிரியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிங்ணா" என்றான். "ரொம்ப ரொம்ப நன்றிங்ணா."

இந்த ஊருக்குத் தீர்த்தகிரி பதினாலு கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு கோப்பைக்குக் கூட யாரும் அவனிடம் அவ்வளவு மனசார நன்றி சொன்னதில்லை.